பத்தொன்பதாம் நம்பர் கள்ளி

பொம்மிடி ரயில்வே கேங் குவார்ட்டர்ஸில் மொத்தம் ஆறு வீடுகள். ஐந்து வீட்டு வாசலில் கனகாம்பரமோ, செம்பருத்தியோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு முருங்கையோ நிற்கும். ஆறாவது வீட்டு வாசலில் கள்ளி நின்றது. ஒன்றிரண்டு அல்ல, முப்பத்தொன்று. மண்ணெண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சரளையும் செம்மண்ணும் நிரப்பி, டின்னுக்கு ஒரு கள்ளி. ஒவ்வொரு டின் மேலும் ரயில்வே வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர். கள்ளிக்கு நம்பர் போட்டு வளர்க்கிற ஆள் இந்த உலகத்தில் தன் புருஷன் ஒருத்தன்தான் என்று ராஜமேரி உறுதியாக நம்பினாள். அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

புருஷன் ஸ்தனிஸ்லாஸ் ரயில்வேயில் கீமேன். காலையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, சோற்றுத் தூக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினால், தன் பொறுப்பில் இருக்கும் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவி தளர்ந்திருந்தால் அடித்து இறுக்கி, விரிசல் இருக்கிறதா என்று தேடி, சாயங்காலம்தான் திரும்புவார். வேலையே குனிந்து நடப்பதுதான். இருபது வருஷம் குனிந்து நடக்கிற மனுஷன் கண்ணில் தண்டவாளம் மட்டுமா படும்? பாறையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில், கல் இடுக்கில், ஒரு வாய்த் தண்ணீருக்கும் வழியில்லாத வெயிலில், பச்சையாக ஏதோ ஒன்று முளைத்து நிற்பது பட்டது. முதலில் பார்த்தார். பிறகு தொட்டார். பிறகு தூக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். மதியச் சோறு தின்ற தூக்கில் கள்ளிப்பால் ஒட்டியிருந்தால் எந்தப் பொம்பளை சும்மா இருப்பாள்? முதல் சண்டை அதில்தான் ஆரம்பித்தது.

"வாசல்ல முள்ளு வெச்சா வூட்ல சண்டை வரும் மேரி" என்று எதிர்வீட்டுத் தீர்த்தம்மாள் சொன்னபோது, "சண்டை வர முள்ளு எதுக்குக்கா? இந்த மனுசனே போதும்" என்றாள் ராஜமேரி.

எல்லாம் முள்ளும் இல்லை. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொடிக்கள்ளி, நாலு பட்டையிலும் மூணு பட்டையிலும் பிரண்டை, வரிவரியாக மருள், ஆடு மேய்க்கிறவர்கள் தாகத்துக்குக் கடித்துத் தின்னும் கள்ளிமுளையான் என்று பலதும் இருந்தன. எது எங்கே கிடைத்தது, என்ன பெயர் என்பதையெல்லாம் ஒரு பழைய ரயில்வே டைரியில் எழுதி வைப்பார். ரயில்வேயில் எதற்கும் நம்பரோ பெயரோ இல்லாமல் இருக்காது. தந்திக் கம்பத்துக்கு நம்பர், பாலத்துக்கு நம்பர், தண்டவாளத்தில் கூட அதை வார்த்த வருஷம் பொறித்திருக்கும். அப்படிப்பட்ட பாதையில் பெயர் தெரியாத ஒரு செடி நிற்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அது பத்தொன்பதாம் நம்பர்.

கட்டைவிரல் பருமன், நாலு பட்டை, சாம்பல் நிறம், அங்கங்கே கருஞ்சிவப்புத் திட்டு. முள் இல்லை, இலை இல்லை. கிலோமீட்டர் 293, ஏழாவது தந்திக் கம்பத்துக்கு நேரே, பாறை வெட்டின் உச்சியில் மட்டும் இருந்தது. அர்ச்சுனன் என்கிற ஆட்டுக்காரரிடம் காட்டினால் "கள்ளிமொளையான்தானுங்க" என்றார். தின்று பார்த்துவிட்டு, "இல்லீங்க, கசக்குது" என்று துப்பினார். பள்ளிப்பட்டி கோயிலுக்கு வந்த சாமியாரிடம் கூட ஒருமுறை காட்டினார். அவர் ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார்.

அறுபத்தேழாம் வருஷம் தை மாசம், அதே பாறை வெட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் விரிசல் கண்டிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் சிவப்புக் கொடியோடு ஓடிப்போய் பாசஞ்சர் வண்டியை நிறுத்தினார். வண்டி இரண்டு மணி நேரம் நின்றது. இறங்கி நடந்தவர்களில் ஓர் அம்மா, மற்றவர்களைப் போல ரயில்வேயைத் திட்டாமல், பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பெயர் காவேரி. சேலத்தில் பெண்கள் கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். ஸ்தனிஸ்லாஸ் பாறை மேல் ஏறி ஒரு தண்டை ஒடித்துக்கொண்டுவந்து நீட்டினார். அந்தம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். படித்த ஒருவர் தெரியவில்லை என்று சொன்னது ஸ்தனிஸ்லாஸுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ரயிலைக் காப்பாற்றிய கதையை ஒரு வரியில் முடித்துவிட்டு, இதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

"தண்டைப் பாத்துப் பேர் சொல்றது, முதுகைப் பாத்து ஆளைச் சொல்ற மாதிரியாம் மேரி. மொகம் வேணுமாம். பூதான் மொகமாம். பூ பூத்தா எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க. அது பேரே இல்லாத செடியாக்கூட இருக்கலாமாம்."

"பேரு இல்லாட்டி என்ன, அதுக்கு ரேசன் கார்டா வாங்கப் போறீங்க?" என்றாள் ராஜமேரி.

அறுபத்தேழு பூக்காமல் போயிற்று. அறுபத்தெட்டு ஐப்பசியில் ராஜமேரி ஏரியூரில் இருந்தாள். அங்கே கட்டிக்கொடுத்த மகள் லூர்துக்குத் தலைப்பிரசவம். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தவள், ஆம்பிளை தனியாக இருந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்த வீட்டைப் பெருக்க ஆரம்பித்தாள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், பச்சைக் கொடித் துணியில் சுற்றி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியது.

சாராயம். அந்த வாசனையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அப்பா சவுரியப்பன் மதுவிலக்கு இருந்த ஊரில் கள்ளச் சாராயத்திலேயே போய்ச் சேர்ந்தவர். அவரைக் கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிவந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால், நகைநட்டு எதுவும் பேசாமல், ஒன்றே ஒன்று கேட்டாள். கோயிலில் சாமியார் முன்னால், சிலுவை மேல் கையடித்து, ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று ஸ்தனிஸ்லாஸ் சத்தியம் செய்துகொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தியத்தின் மேல்தான் அவள் குடும்பம் நடத்தினாள்.

பாட்டிலுக்குள் ஏதோ மிதந்தது. கறுப்பும் சிவப்புமாக, இறைச்சித் துண்டு போல, ஐந்து காலோடு ஒன்று. அதன் அடியில் ஒரு துண்டுக் கள்ளி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காய்ச்சுகிறவன்கள் போதை ஏற வேண்டும் என்று ஊறலில் கண்டதைப் போடுவார்கள். பல்லியும் பேட்டரிக் கட்டையும் போடுவார்கள் என்றே கேள்விப்பட்டிருக்கிறாள். இவர் கள்ளியைப் போட்டிருக்கிறார். இத்தனை வருஷம் கள்ளி கள்ளி என்று அலைந்தது இதற்குத்தானா? பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்து, துணி துவைக்கும் கல்லில் அடித்து உடைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

சாயங்காலம் ஸ்தனிஸ்லாஸ் வந்தார். கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தார்.

"மேரி, இதுக்குள்ள ஒண்ணு இருந்துச்சே?"

"இருந்துச்சு. உங்க யோக்கியதை இருந்துச்சு."

அவர் சாக்கடை ஓரம் குந்தி, குச்சியால் கிளறினார். எதிரே தீர்த்தம்மாள் குரல் கொடுத்தாள்: "ஏ மேரி, உன் கோழி ஏன் இப்படி நடக்குது?" கோழி சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்குவதும், வைக்க இடம் தெரியாமல் திரும்பவும் தூக்குவதுமாக நின்றது. அதன் அலகில் கருஞ்சிவப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது.

"குடிக்கலடி" என்றார் ஸ்தனிஸ்லாஸ், கோழியையே பார்த்துக்கொண்டு. "சத்தியமா நான் குடிக்கல. பூவைத்தான் ஊற வெச்சிருந்தேன்."

பத்தொன்பதாம் நம்பர் பூத்திருக்கிறது. ஒரே ஒரு பூ. மூன்றாம் நாள் வாடிவிடும். மழைக்காலத்தில் கீமேனுக்கு லீவு கிடையாது. பூவை எடுத்துவர முடியாவிட்டால் ஸ்பிரிட்டில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார் காவேரி அம்மா. அப்போதுதான் உருக்குலையாமல் இருக்குமாம். கம்பவுண்டரிடம் ஸ்பிரிட் கேட்டால், பர்மிட் இல்லாமல் தரமாட்டேன் என்று விரட்டிவிட்டார். கடைசியில் ஆட்டுக்கார அர்ச்சுனன்தான் மலைப்பக்கம் போய், யாரிடமோ சொல்லி, அரை பாட்டில் வாங்கிவந்து கொடுத்தார். மாட்டினால் வேலை போகும் என்று தெரிந்தேதான் ஸ்தனிஸ்லாஸ் அதைக் கொடித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா வூட்டுக்குள்ள வெக்க வுட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இல்லை. அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கோழி தெளிந்துவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் தெளியவில்லை.

அதற்குப் பிறகு அவர் தூக்கில் எதையும் கொண்டுவரவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். டைரி ஜன்னல் மேல் தூசி பிடித்துக் கிடந்தது. இதைத்தானே அவள் இத்தனை வருஷம் கேட்டாள்? கிடைத்தபோது அவளுக்குப் பிடிக்கவில்லை. கள்ளி இல்லாமல் அவரிடம் பேச்சே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் அவளைப் பிடுங்கித் தின்றது. பாட்டிலில் அந்த ஒரு நிமிஷம் பார்த்தாளே, அது பூவா? பூ என்றால் மல்லிகை, கனகாம்பரம், மாதாவுக்குச் சாத்தும் ரோஜா. இறைச்சி மாதிரி ஒரு பூ இருக்குமா? ஓரத்தில் மயிர் கூட இருந்ததாக ஞாபகம். சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமலே கவிழ்த்துவிட்டாள். புருஷனின் பத்து வருஷ ஆசையைக் கோழிக்குப் போட்டோமே என்று ஒரு பக்கம் வலித்தது. அது உயிரோடு எப்படித்தான் இருக்கும் என்று இன்னொரு பக்கம் அரித்தது. எது அதிகம் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

அவர் வேலைக்குப் போனபிறகு அவளே டின்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பாவம் காய்ந்து கிடக்கிறதே என்று அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் ஊற்றினாள். பத்தே நாளில் நாலாம் நம்பர் அடியோடு அழுகிச் சாய்ந்தது. மோர் கூட இவ்வளவு சீக்கிரம் புளிக்காது. பயந்துபோய் டைரியை எடுத்துத் தூசி தட்டினாள். ஐந்தாம் கிளாஸ் வரை படித்தவள், அவர் கையெழுத்தும் தெளிவுதான். "மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். காய்ந்ததா என்று விரலை விட்டுப் பார்" என்று எழுதியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். அழுகின இடத்தை வெட்டி, மிச்சத் துண்டை ஒரு வாரம் நிழலில் காயப்போட்டு ஊன்றச் சொல்லியிருந்தது. ஊன்றினாள். வேர் பிடித்தது. வெட்டிக் காயப்போட்டால் பிழைத்துக்கொள்கிறது, தண்ணீர் ஊற்றினால் சாகிறது, இது என்ன ஜென்மம் என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதிலிருந்து தினமும் நாலைந்து பக்கம் படித்தாள்.

பத்தொன்பதாம் நம்பர் பக்கத்தில் இடம், தேதி, தண்டின் அளவு எல்லாம் இருந்தன. பெயர் என்று போட்டு எதிரே காலி. அதற்குக் கீழே, போன வருஷத் தேதியில் இரண்டு வரி: "மொட்டு விட்டது. மேரி ஊரில் இல்லை. அவளும் பார்க்க வேண்டிய பூ." ராஜமேரி அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அறுபத்தொன்பது மாசியில் அந்தப் பாறையை வெடி வைத்து எடுத்தார்கள். போன மழையில் பாதை மேல் கல் விழுந்திருந்தது. மேலிடத்து உத்தரவு. வெடிச் சத்தம் குவார்ட்டர்ஸ் வரை கேட்டது. அன்றைக்கு ஸ்தனிஸ்லாஸ் இருட்டும் நேரத்தில்தான் வந்தார். கையெல்லாம் கல் கீறல். தூக்கைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"மூணு ஆளு ஒசரம் வெட்டிட்டாங்க மேரி. கல்லு கல்லாப் பொறட்டிப் பாத்தேன். ஒரு துண்டு கூட மிஞ்சல."

"டின்னுல இருக்குதில்லீங்க?"

"டின்னுல இருக்கறதுதான் இருக்குது. அதுவும் போனா, அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்ல நானும் அர்ச்சுனனும்தான். அவன் தின்னு பாத்திருக்கறான்."

நாலு மாசத்துக்குப் பிறகு கள்ளியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. பத்தொன்பதாம் நம்பர் டின்னில் மூன்றே மூன்று தண்டு. அன்றிலிருந்து ராஜமேரி கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் வீட்டில் எலி செத்த நாற்றம். ராஜமேரி விறகுக் கட்டையை எல்லாம் இறக்கிப் போட்டாள். கம்பு மூட்டையை நகர்த்தினாள். டிரங்குப் பெட்டியை இழுத்துப் பார்த்தாள். "செத்தெலி, சனியன், எந்தச் சந்துல போயிப் படுத்துதோ" என்று வைதுகொண்டே நாற்றம் கூடும் பக்கமாக மூக்கை வைத்துப் போனாள். நாற்றம் அவளை வாசலுக்கு இழுத்துவந்தது. டின் வரிசை. பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதில் பச்சை ஈக்கள் மொய்த்துக் கிடந்தன.

ஈயை விரட்டினாள். அடியில் பூ.

ஒரு ரூபாய்க் காசு அகலம் இருக்கும். ஐந்து மூலை. காய்ந்த ரத்த நிறம், அதில் கடுகு கடுகாக மஞ்சள் புள்ளி. ஓரம் முழுக்க ஊதா மயிர், காற்றே இல்லாமல் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. ராஜமேரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குனிந்து, இன்னும் குனிந்து பார்த்தாள். இவ்வளவு நாற்றத்தையும் இவ்வளவு அழகையும் ஒரே இடத்தில் வைக்க ஆண்டவருக்கு எப்படி மனசு வந்தது என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. நாற்றத்தாலும் வந்திருக்கலாம்.

மத்தியானம் மழைக்கு ஒதுங்க வந்த ஸ்தனிஸ்லாஸும் பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "காலையிலதான் மேஸ்திரி சென்னப்பன்கிட்ட வேற ஒரு வேலைக்கு லீவு கேட்டேன் மேரி. மழையில லீவாங்கறாரு. சிரிக்கறாரு. போவட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் பூக்கும்னு எழுதிக் குடுத்திருக்குதா? நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"நீயா? நீ சேலத்துக்குத் தனியா போயிருக்கறியா?"

"ஏரியூருக்கு நாலு பஸ் மாறிப் போறேன். சேலம் ஒரே வண்டி. பூவைப் போக்கினவ நான். நானே கொண்டுபோயி குடுக்கறேன்."

மறுநாள் காலை பாசஞ்சரில், டின்னை மடியில் வைத்து, மேலே முறத்தைக் கவிழ்த்து உட்கார்ந்தாள் ராஜமேரி. வண்டி கிளம்பி ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். எதிரே இருந்தவர் மூக்கைச் சுளித்தார். பக்கத்துப் பெண் தன் கைக்குழந்தையின் துணியைத் தூக்கிப் பார்த்தாள். ஒருத்தர் பெஞ்சுக்கடியில் தலையை விட்டு எலியைத் தேடினார். "ரயில்வேக்காரனுங்களுக்கு பெட்டியக் கழுவறதுக்கே வலிக்குது" என்றார் இன்னொருத்தர். கீமேன் பொண்டாட்டிக்கு ரோஷம் வந்தாலும், வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். கடைசியில் நிற்க இடமில்லாத வண்டியில் ஒரு முழு பெஞ்சு அவளுக்கும் கள்ளிக்கும் மட்டும் கிடைத்தது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். முறத்தைத் தூக்கித் தூக்கிப் பூ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

டைரியில் ஒட்டியிருந்த விலாசத்தைக் காட்டிக் காட்டிக் கல்லூரியைக் கண்டுபிடித்துவிட்டாள். காவேரி அம்மா கண்ணாடியும் நூல் சேலையுமாக ஒல்லியான மனுஷி. டின்னைப் பார்த்ததும், வாங்க என்று கூடச் சொல்லாமல், "பூத்திருச்சா?" என்று கத்தினார். பிறகுதான் உட்காரச் சொன்னார். ராஜமேரிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கிறுக்கில் தன் புருஷனுக்குச் சரியான ஜோடி என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே கூட்டிப்போன அறையில் சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் பாட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு பூவோ காயோ மிதந்தது. காவேரி அம்மா ஒரு மூடியைத் திறந்ததும், அந்த வாசனை வந்தது. அதே வாசனை. ராஜமேரிக்கு ஒரு நிமிஷம் கட்டிலில் வந்த அப்பாவும் தெரிந்தார், சாக்கடை ஓரம் குச்சியோடு குந்தியிருந்த புருஷனும் தெரிந்தார். இத்தனை படித்த பொம்பளைகள் வரிசையாக அடுக்கி வைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொள்கிற ஒன்றைத்தான் அவள் கல்லில் அடித்து உடைத்திருக்கிறாள்.

"என்னம்மா, இந்த நாத்தம் ஒத்துக்கலையா?"

"ஒத்துக்குதுங்க டீச்சர். இப்பதான் ஒத்துக்குது" என்றாள் ராஜமேரி. போன வருஷக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள், கோழி உட்பட. காவேரி அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என் பேர்லதான். ஸ்பிரிட்டுக்கு ஒரு பர்மிட் லெட்டர் நான் குடுத்திருக்கணும்."

பூவை ஒரு பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, முதலில் அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஏதோ வரைந்தார். ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். அரைமணி நேரம் போயிற்று. பிறகு தள்ளி உட்கார்ந்து, "நீங்களும் பாருங்க" என்றார். ராஜமேரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பூவின் நடுவில் இன்னொரு பூ இருந்தது. மெழுகில் செய்தது போல ஒரு சின்னக் கிரீடம், அதன் நடுவில் மஞ்சளாக ஏதோ இரண்டிரண்டாகத் தொங்கியது. ஓர் ஈ உள்ளே வந்தால் அதன் காலில் அது மாட்டிக்கொள்ளுமாம். அடுத்த பூவுக்கு ஈதான் தூக்கிக்கொண்டு போகுமாம். அதற்காகத்தான் இந்த நாற்றமாம். "அப்ப நாத்தம் இல்லீங்க, அதுக்கு அதுதான் வாசனை" என்றாள் ராஜமேரி. கண்ணை எடுக்க மனசே வரவில்லை.

"என் புஸ்தகத்துல இது இல்ல" என்றார் காவேரி அம்மா மெதுவாக. "பெரிய இடத்துக்கு அனுப்பித்தான் ஒத்துப் பாக்கணும். பூவோட ஒரு தண்டை வெட்டிக்கட்டுமா?"

"மூணுதாங்க இருக்குது. உலகத்துலயே மூணு."

"ஒண்ணு போதும்."

ராஜமேரி கத்தியை வாங்கித் தானே வெட்டினாள். தண்ணியாகப் பால் கசிந்தது. பூ ஸ்பிரிட் பாட்டிலுக்குள் போயிற்று. தண்டில் ஒரு பாதியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கியெடுத்தார் காவேரி அம்மா. அப்படிச் செய்யாவிட்டால், காகிதத்துக்கு நடுவில் அழுத்தி வைத்தாலும் ஆறு மாசம் சாகாமல் துளிர் விடுமாம். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக் கேள்வி கேட்டார். எடுத்தவர் பெயர்? ஸ்தனிஸ்லாஸ், கீமேன். இடம்? டைரியைப் பார்த்துக் கிலோமீட்டரும் கம்பத்து நம்பரும் சொன்னாள். இவ்வளவு சுத்தமாக இடம் எழுதி யாருமே கொடுத்ததில்லை என்று அந்தம்மா சொன்னபோது, இதைக் கேட்கப் புருஷன் இங்கே இல்லையே என்று ராஜமேரிக்கு இருந்தது.

"உள்ளூர்ல இதுக்கு என்ன பேரு?"

"ஆட்டுக்காரங்க எல்லாத்தையுமே கள்ளிமொளையான்னுதான் சொல்றாங்க."

"இதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையா? இந்த எடத்தைக் காலியா விடப் பிடிக்கல எனக்கு."

காலி. டைரியிலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ராஜமேரி யோசிக்கக் கூட இல்லை. நேற்றுக் காலையில் வைத வாய்தான். "எங்க வூட்ல செத்தெலிக் கள்ளிங்க" என்றாள். காவேரி அம்மா சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

எழுபதாம் வருஷம் பங்குனியில் பதில் வந்தது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். ஸ்டேஷன் மாஸ்டர் படித்துச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் சேலம் மலைப்பக்கம் எங்கேயோ இதன் ஒரு காய்ந்த தண்டை எடுத்துப் போயிருக்கிறார். பூ இல்லை. இடம் எழுதவில்லை. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இனிமேல் இல்லை என்றே முடிவுகட்டியிருந்தார்கள். அதன் பூவை முதன்முதலில் பார்த்தது பொம்மிடியில்தான். அந்த வெள்ளைக்காரர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு தடவை முயன்று பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூடவே அந்தத் தாளின் நகலும் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் அதை வீட்டுக்கு வந்துதான் நிதானமாகப் படித்தார். தன் பெயரைப் பார்த்தார். கம்பத்து நம்பர் சரியா என்று பார்த்தார். அடுத்த வரியில் விரல் நின்றது. "உள்ளூர்ப் பெயர்: செத்தெலிக் கள்ளி. சொன்னவர்: ராஜமேரி, பொம்மிடி."

"இது யாரு வெச்ச பேரு?"

"கேட்டாங்க. வாயில வந்ததைச் சொன்னேன். தப்புங்களா?"

அவர் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்தார். ஒன்றரை வருஷமாகத் திறக்காமல் மூடி ஒட்டிப்போயிருந்தது. ஸ்பேனரால் நெம்பித் திறந்து, பிரஷை அவளிடம் நீட்டினார். "பத்து வருசமாப் பேரு தேடினது நான். வெச்சவ நீ. நீயே எழுது."

அவள் எழுதினாள். கை கோணியது. "செத்தெலி" என்று எழுதி முடிப்பதற்குள் டின்னின் முன்பக்கம் தீர்ந்துவிட்டது. "கள்ளி" பின்பக்கம் போயிற்று. அதே வாரம் இரண்டு தண்டிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு வெட்டி, காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் 293-க்கு நடந்துபோய், வெடி வைத்து மிஞ்சிய பாறையின் இடுக்கில் ஊன்றிவிட்டு வந்தார்கள். அவ்வளவு தூரம் தண்டவாளத்தோடு அவள் நடந்தது அதுதான் முதல் தடவை. அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

அந்த வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை, எதிர்வீட்டுத் தீர்த்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏ மேரி, உன் வூட்ல எலி கிலி செத்துக் கெடக்குதா பாரு. வெளிய நிக்க முடியல."

அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ராஜமேரி வெளியே ஓடிவந்தாள்.

"எலியில்லக்கா, பூ. வாங்க, ஈ மொய்க்கறதுக்குள்ள வந்து பாருங்க."